தொட்டி ஆர்க்கிட்டில் மாவுப்பூச்சி, செதில்பூச்சி, சிலந்திப்பேன்: இயற்கை முறைக் கட்டுப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் மொட்டை மாடி நிழல்வலைக்குக் கீழே பன்னிரண்டு ஆண்டுகளாக டென்ட்ரோபியம், வாண்டா, ஃபெலனாப்சிஸ் வகைகளை வளர்த்து வருகிறேன். செடி வளர்க்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் "எந்த மருந்து நல்லது?" என்றுதான் தொடங்குகிறார்கள். இயற்கை மருந்துகளில் பெரும்பாலானவை பூச்சியின் மேல் பட்டால் மட்டுமே வேலை செய்பவை. ஆகவே மருந்தின் பெயரைவிட, அது பூச்சி ஒளிந்திருக்கும் இடத்தைத் தொட்டதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தொட்டது என்பவைதான் பலனைத் தீர்மானிக்கின்றன.

என் செடியில் இருப்பது எந்தப் பூச்சி என்று எப்படி அறிவது?

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிட் வளர்ப்பவருக்குத் தெளிப்பானைவிட அதுதான் முதலில் தேவை.

இலைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட மடிப்பிலும், இலையின் அடியில் நடுநரம்பை ஒட்டியும், பூந்தண்டின் கணுக்களிலும் பஞ்சுத் துணுக்கு போல வெண்மையாக ஒட்டியிருந்து, குச்சியால் தொட்டால் மெல்ல நகர்ந்தால் அது மாவுப்பூச்சி. உடலுக்குப் பின்னால் இரண்டு நீண்ட வெள்ளை மெழுகு இழைகள் இருந்தால் அது நீள்வால் மாவுப்பூச்சி. ஆர்க்கிட்டில் அடிக்கடி காணப்படும் இந்த வகை, முட்டைப் பை கட்டாமல் நேரடியாகக் குஞ்சுகளை ஈனுகிறது.

பழுப்பு அல்லது வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறு ஓடுகள் போல ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வருபவை செதில்பூச்சிகள். இவற்றில் மென்செதில், வன்செதில் என்று இரண்டு பிரிவுகள் உண்டு. மென்செதில் பூச்சிகள் இனிப்பான கழிவுநீரை வெளியேற்றுவதால் இலை பிசுபிசுக்கும். பின்னர் அதன்மேல் கரும்பூசணம் படரும். வன்செதில் பூச்சிகள் அப்படிச் செய்வதில்லை. ஒரு குழப்பத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆர்க்கிட்டைத் தாக்கும் வன்செதில் வகை ஒன்றின் ஆண் பூச்சிகள் கூட்டமாக வெண்பஞ்சு போலத் தோன்றும். அதை மாவுப்பூச்சி என்று எண்ணிப் பலரும் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு, பக்கத்தில் ஓட்டுக்குள் இருக்கும் பெண் பூச்சிகளை விட்டுவிடுகிறார்கள்.

இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதைப் போல மினுங்கி, நாளடைவில் பழுப்பேறி, ஊசியால் குத்தியது போன்ற நுண்புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப்பேனைச் சந்தேகியுங்கள். வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு இலையைச் சுண்டுங்கள். தாளில் விழுந்த தூசிகளில் ஏதேனும் நடந்து சென்றால் ஐயமில்லை. ஆர்க்கிட்டைத் தாக்கும் தட்டைச் சிலந்திப்பேன்கள் வலை பின்னுவதில்லை. ஆகையால் "வலை இல்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம்.

பூவிதழ்களில் கீறல் போன்ற வெளிறிய கோடுகளும் விளிம்பில் பழுப்பும் காணப்பட்டால் அது இலைப்பேன். மொட்டிலும் இளந்தளிரிலும் பச்சையாகவோ கருப்பாகவோ கூட்டமாக மொய்ப்பது அசுவினி. அசுவினியை மட்டும் தண்ணீர் பீய்ச்சியே பெரும்பாலும் ஒழித்துவிடலாம்.

மொட்டின் அடியில் பிசுபிசுப்பான துளியும் எறும்பும் இருக்கின்றன. உடனே மருந்தடிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பல ஆர்க்கிட்டுகள் நலமாக இருக்கும்போதே பூந்தண்டிலும் மொட்டின் காம்பிலும் தேன்துளிகளைச் சுரக்கும். அது கண்ணாடி போலத் தெளிவாக, தனித்தனித் துளிகளாக நிற்கும். பூச்சியின் கழிவு அப்படி இருப்பதில்லை. கீழ் இலைகளின் மேல் மெல்லிய வார்னிஷ் தெளித்தது போலப் பரவிக் கிடக்கும். துளிக்கு அருகே கண்ணாடியை வைத்து நன்றாகத் தேடிப் பாருங்கள். பூச்சி இல்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ஆனால் எறும்பு வரிசை நாள்தோறும் தொட்டிக்கும் இலைக்கும் இடையே போய்வந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. எறும்புகள் அந்த இனிப்புக்காக மாவுப்பூச்சியையும் மென்செதிலையும் காவல் காக்கின்றன. அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டுகின்றன. எறும்பைத் தடுக்காமல் மாவுப்பூச்சியை ஒழித்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தரையில் உள்ள தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே கவிழ்த்த கிண்ணத்தின்மேல் வையுங்கள். தொங்கும் தொட்டியின் கம்பியில் இரண்டு அங்குல நீளத்துக்கு வாஸ்லைன் தடவுங்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளுக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தால் தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடும். மஞ்சள்தூள் கோடு முதல் முறை தண்ணீர் ஊற்றும்வரைதான் நிற்கும்.

பூச்சியைக் கண்டவுடன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

செடியைத் தனியே எடுத்து வையுங்கள். மாவுப்பூச்சியின் இளங்குஞ்சுகள் இலை இலையைத் தொடும் இடத்தில் பாலம் போல நடந்து கடக்கும், காற்றிலும் பரவும். அடுத்தபடியாக, தண்ணீர். குழாயில் விரலை வைத்து அழுத்தினால் வரும் வேகத்தில், தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடியைக் கழுவுங்கள். இது ஒன்றிலேயே பாதிக்கு மேல் போய்விடும்.

அதன் பிறகு செய்ய வேண்டியதைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். டென்ட்ரோபியம், கேட்லியா ஆகியவற்றின் முதிர்ந்த தண்டுகளைக் காய்ந்த சருகுறைகள் காகிதம் போலப் போர்த்தியிருக்கும். அவற்றை நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நகத்தால் மேலிருந்து கீழாகக் கீறி உரித்துவிடுங்கள். பச்சையாக இருக்கும் உறையைத் தொடாதீர்கள். ஒருமுறை நாற்றுப் பண்ணை ஒன்றிலிருந்து வாங்கி வந்த டென்ட்ரோபியம், வெளியே ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு தண்டு சுருங்கத் தொடங்கவே உறையை உரித்தேன். கணு ஒன்றைச் சுற்றி, அரிசிக் குருணையை ஒட்டிவைத்தது போல, வட்டமாகப் பதினேழு பூச்சிகள் இருந்தன. அந்த மூன்று வாரமும் நான் தவறாமல் வேப்பெண்ணெய் தெளித்திருந்தேன். ஒரு துளிகூட அந்த உறைக்குள் போகவில்லை. அதற்குள் பக்கத்திலிருந்த நான்கு தொட்டிகளுக்குப் பரவி, அவற்றில் இரண்டை நான் இழந்தேன்.

வேப்பெண்ணெய்க் கரைசலைச் சரியாகத் தயாரிப்பது எப்படி?

எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால், கலக்கும் முறைதான் இதில் முக்கியம். ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் மென்மையான திரவச் சோப்பு ஒரு மில்லிலிட்டர் விட்டுக் கரையுங்கள். பிறகு மரச்செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் மூன்று மில்லிலிட்டரைச் சிறிது சிறிதாக விட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். பால் போல வெளுத்த பிறகே மீதி நீரைச் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். மேலே எண்ணெய் வளையங்கள் மிதந்தால் அது இன்னும் கலக்கவில்லை; அந்த நிலையில் தெளித்தால் சில இலைகளுக்கு வெறும் தண்ணீரும் சில இலைகளுக்குச் சுத்த எண்ணெயும் போகும். தெளிக்கும்போதும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கிக்கொள்ளுங்கள். கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

காய்கறிச் செடிகளுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லிலிட்டர் சொல்வதுண்டு. ஆர்க்கிட் இலை எத்தனை தடிமனாக இருந்தாலும், அதன் இடுக்குகளில் எண்ணெய் தேங்கும். வேர்களைப் போர்த்தியிருக்கும் வெண்ணிறப் பஞ்சுறையும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே மூன்றிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு இலையில் தெளித்து மூன்று நாள் பார்த்துவிட்டு, இலை கருகவில்லை என்றால் முழுச் செடிக்கும் செல்லலாம். வேர்களில் படாமல் இருக்கத் தொட்டியின் மேற்பரப்பை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

வேம்பில் பூச்சிக்கு எதிராக வேலை செய்யும் பொருளான அசாடிராக்டின் எவ்வளவு என்று குறிப்பிட்டு விற்கும் வேம்பு மருந்துகளும் கடையில் கிடைக்கின்றன. பத்தாயிரம் பிபிஎம் என்றால் ஒரு சதவீதம். ஆயிரத்தைந்நூறு என்றால் 0.15 சதவீதம். இரண்டின் அளவும் ஒன்றல்ல என்பதால் புட்டியில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும். எண்ணெய் வாடை பிடிக்காதவர்கள் வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கலாம். 50 கிராம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் நன்றாகப் பிழிந்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் இலைக்கவட்டில் சக்கை தங்கி அழுகும்.

தெளித்த மறுநாளும் பூச்சிகள் அப்படியே இருக்கின்றனவே?

வேம்பு, பூச்சியை உடனே கொல்லும் நஞ்சு அன்று. அதிலுள்ள அசாடிராக்டின் பூச்சிக்கு உணவின்மேல் வெறுப்பை உண்டாக்குகிறது. தோலுரித்து வளர்வதையும் குலைக்கிறது. 1968இல் பிரித்தெடுக்கப்பட்ட இந்தப் பொருள் வெயிலில் விரைவாகச் சிதைந்துவிடும். எண்ணெயும் சோப்பும்தான் பட்ட இடத்தில் பூச்சியின் மூச்சுத் துளைகளை அடைத்துச் சில மணி நேரத்தில் கொல்கின்றன. இரண்டுமே முட்டைகளை முழுமையாக அழிப்பதில்லை.

முட்டைப் பை கட்டும் மாவுப்பூச்சிகள் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். கோடை வெப்பத்தில் சிலந்திப்பேன் ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். மாவுப்பூச்சிக்கு ஒரு மாத அளவு ஆகும். இன்று தப்பிய முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, தானே முட்டையிடத் தொடங்குவதற்கு முன் உங்கள் கையில் சிக்க வேண்டும். அதனால்தான் சிலந்திப்பேனுக்கு ஐந்து நாளுக்கு ஒருமுறையும், மாவுப்பூச்சிக்கும் செதிலுக்கும் ஏழு நாளுக்கு ஒருமுறையும், குறைந்தது நான்கு முறை சொல்கிறேன். நாட்காட்டியில் நான்கு தேதிகளையும் முதல் நாளே குறித்துவிடுங்கள். இரண்டாம் முறையோடு செடி சுத்தமாகத் தெரியும். அப்போது நிறுத்துபவர்களுக்குத்தான் ஒரு மாதம் கழித்துப் பூச்சி "திரும்ப வருகிறது". உண்மையில் அது போகவே இல்லை.

வேப்பெண்ணெய் தெளித்ததும் இலை கருகிவிட்டது. ஏன்?

பெரும்பாலும் வெயில்தான் காரணம். எண்ணெய்ப் படலம் இலையின் துளைகளை மூடியிருக்கும்போது இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடிவதில்லை. வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேளையிலும், நேர் வெயில் படும் இடத்திலும், வறண்டு வாடியிருக்கும் செடியிலும் எண்ணெய் தெளிக்கக் கூடாது. முதல் நாள் தண்ணீர் ஊற்றி, மறுநாள் மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். கந்தகத்தூள் போட்ட செடிக்கு இரண்டு வாரத்துக்கு எண்ணெய் ஆகாது.

ஃபெலனாப்சிஸுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. அதன் நடுக்குருத்தில் இரவில் ஈரம் தேங்கினால் குருத்து அழுகிவிடும். அந்தச் செடிக்கு வேறு வளர்முனை இல்லை. அதற்கு மட்டும் விடியற்காலையில் தெளித்து, அன்று முழுதும் நிழலில் வைத்து, குருத்தில் நிற்கும் நீரை முறுக்கிய மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள். பூக்கள் மேல் எந்தச் செடியிலும் தெளிக்க வேண்டாம். இதழ்களில் விழும் கறை போகாது.

பாத்திரம் தேய்க்கும் திரவத்தைச் சோப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. அது சோப்பு அன்று, டிடர்ஜென்ட். எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதற்கென்றே செய்யப்பட்டது என்பதால், ஆர்க்கிட் இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சையும் அகற்றிவிடும். அந்த மெழுகுதான் இலையை வறட்சியிலிருந்து காக்கிறது.

நம் வீட்டுப் பழக்கத்தில் உள்ள பூந்திக்கொட்டை நல்ல மாற்று. ஐந்தாறு கொட்டைகளின் தோலை அரை லிட்டர் நீரில் இரவு ஊறவைத்துக் கசக்கி வடிகட்டினால் வரும் நுரைநீரை வேப்பெண்ணெயைக் கரைக்கப் பயன்படுத்தலாம். பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் காய்கறிப் பயிர்களுக்காக வேப்பஞ்சோப்பு, புங்கஞ்சோப்பு இரண்டையும் உருவாக்கியுள்ளது. அவை கிடைத்தால் கரைக்கும் தொல்லையே இல்லை. ஆர்க்கிட்டுக்குச் சொல்லப்பட்ட அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரில் சோப்பு திரிந்து வெண்படலமாக ஒதுங்கிவிடும். திரிந்த சோப்பு பூச்சியை ஒன்றும் செய்யாது. சென்னையில் எங்கள் பகுதி நீர் அப்படிப்பட்டதுதான். மழைநீரிலோ சுத்திகரித்த குடிநீரிலோ கலந்த பிறகே எனக்குப் பலன் தெரியத் தொடங்கியது. தெளித்து இரண்டு மணி நேரம் கழித்து வெறும் நீரால் ஒருமுறை கழுவிவிட்டால் சோப்பு தங்காது.

ஆல்கஹால் இயற்கை மருந்தில் சேருமா?

சேராது என்று சொல்பவர்களோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் எச்சம் எதுவும் விடாமல் ஆவியாகிவிடுவதாலும், மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையைக் கரைத்து உள்ளே செல்வதாலும் இதைப் பரிந்துரைக்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பூச்சியின் தலையில் வைத்து இரண்டு நொடி அழுத்துங்கள். வெள்ளை மாவு கரைந்து, உள்ளிருக்கும் உடல் நிறம் மாறித் தெரிந்தால் முடிந்தது. தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்; செடி முழுதும் தெளிக்கக் கூடாது, வேரிலும் இளந்தளிரிலும் படக் கூடாது. கை சுத்திகரிப்பு ஜெல் வேண்டாம். அதில் கலந்துள்ள பிசின் இலையில் தங்கும். அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

சிலந்திப்பேனுக்கு என்ன செய்வது?

சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால்கள்; அது பூச்சி இனமே அன்று, சிலந்தி வகையைச் சேர்ந்தது. வறண்ட வெப்பக் காற்று அதற்கு வாழ்வு; ஈரம் பகை. தமிழ்நாட்டுச் சமவெளியில் மார்ச் முதல் ஜூன் வரைதான் அதன் பருவம். அந்த மாதங்களில் காலைதோறும் இலைகளின் அடியில் நீர் தெளித்து, செடிகளுக்குக் கீழே ஈரமான கூழாங்கல் தட்டு வைத்தாலே பெருக்கம் வெகுவாகக் குறையும். குளிரூட்டி ஓடும் அறையில் வைத்த ஃபெலனாப்சிஸுக்கு இது ஆண்டு முழுதும் பொருந்தும். வந்துவிட்ட பிறகு, ஈரப் பஞ்சால் ஒவ்வொரு இலையின் அடியையும் துடைத்து, அதன்பின் வேப்பெண்ணெயோ சோப்பு நீரோ ஐந்து நாளுக்கு ஒருமுறை தெளியுங்கள். இலைக்கு இலை புதுப் பஞ்சு எடுங்கள். தட்டைச் சிலந்திப்பேன்களில் ஒரு வகை ஆர்க்கிட்டுகளுக்குப் புள்ளி வைரஸையும் கடத்துவதால், இதைச் சிறிய தொல்லை என்று விட்டுவிடக் கூடாது.

செதில்பூச்சி எதற்கும் அசைவதில்லையே?

ஓட்டின் மேல் தெளிக்கும் எதுவும் உள்ளே புகாது. பழைய மென்மையான பல்துலக்கியைச் சோப்பு நீரில் நனைத்து நரம்பின் திசையில் மெல்லத் தேய்த்துப் பெயர்த்து எடுங்கள். ஓடு இல்லாமல் ஊர்ந்து திரியும் குஞ்சுப் பருவத்தில்தான் எண்ணெய் வேலை செய்யும். செத்த ஓடுகளும் இலையிலேயே ஒட்டியிருக்கும் என்பதால் சுரண்டிப் பார்க்க வேண்டும்: உள்ளே ஈரமிருந்தால் உயிர் இருக்கிறது, பொடியாக உதிர்ந்தால் இல்லை.

பூவில் இலைப்பேன் வந்தால்?

மிகவும் பாதித்த பூந்தண்டை வெட்டி, பையில் கட்டி அகற்றுவதே வழி. மனம் வராதுதான்; ஆனாலும் அந்த ஒரு தண்டில் இருப்பவை மற்ற மொட்டுகளுக்குப் பறந்துவிடும். இலைப்பேனுக்கு நீல நிற ஒட்டுப்பொறி, வெள்ளை ஈக்கும் சிறு கொசுக்களுக்கும் மஞ்சள் நிற ஒட்டுப்பொறி. மொட்டின் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

வேருக்குள்ளும் மாவுப்பூச்சி இருக்குமா?

இருக்கும். நீர் ஊற்றியும் தண்டுகள் சுருங்கிக்கொண்டே போனால் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரில் சுண்ணாம்பு தெறித்தது போல் வெண்திட்டுகள் தெரியும். மேலே தெளிப்பதால் இதற்குத் தீர்வு இல்லை. தேங்காய் மட்டை, பாசி ஆகியவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கரித்துண்டையும் ஓட்டுத்துண்டையும் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டு மீண்டும் பயன்படுத்தலாம். வேர்களை ஓடும் நீரில் கழுவி, அழுகியவற்றை வெட்டி, நிழலில் ஒரு நாள் உலரவிட்டுப் புதுக் கலவையில் வையுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு செடிக்கும் முன் நெருப்பில் வாட்டிக்கொள்ளுங்கள்.

வேப்பம்புண்ணாக்கை மண் தொட்டியில் போடுவது போல ஆர்க்கிட் தொட்டியில் போடலாமா என்றும் கேட்கிறார்கள். போட வேண்டாம். அது ஊறிக் குழைந்து, காற்றோட்டத்துக்காக விட்ட இடைவெளிகளை அடைத்து, வேரை அழுகச் செய்யும்.

தண்ணீர் ஊற்றியதும் கலவையிலிருந்து வெள்ளையாக ஏதோ குதிக்கிறது?

அது வாலுந்திப் பூச்சி. மக்கும் பொருளைத் தின்று வாழ்வது, செடியைத் தொடாது. ஆனால் அது பெருகியிருப்பது கலவை மக்கிவிட்டதற்கு அறிகுறி. தொட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது. சிறு நத்தைகள் வேர்முனையைக் கடித்தால், இரவில் வெள்ளரித் துண்டொன்றைக் கலவையின்மேல் வைத்து, விடிவதற்குள் அதில் ஏறியிருப்பவற்றைப் பொறுக்கி எடுங்கள்.

இலவங்கப்பட்டைத் தூள், சாம்பல், பஞ்சகவ்யம், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், புகையிலைக் கஷாயம் ஆகியவை?

இலவங்கப்பட்டைத் தூள் பூச்சிக்கு அன்று. வெட்டிய இலையின் காயத்தில் பூஞ்சை வராமல் காக்க ஒரு சிட்டிகை போதும். வேரில் தூவினால் ஈரத்தை உறிஞ்சி வேரை உலர்த்திவிடும். சாம்பல் கலவையின் காரத்தன்மையை ஏற்றும், வேண்டாம். பஞ்சகவ்யம் நல்ல ஊட்டம்தான், பூச்சி மருந்து அன்று. நன்றாக வடிகட்டி, மிகவும் நீர்க்கக் கலந்தால் ஒழிய அதன் துகள் வேரில் படிந்து அழுகும். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் வயலில் பூச்சியை அண்டாமல் ஓரளவு விரட்டும். ஏற்கெனவே உறைக்குள் குடியேறிவிட்ட மாவுப்பூச்சியை அது எழுப்பாது.

புகையிலைக் கஷாயத்தை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். நிகோடின் தோல் வழியாகவே உடலில் ஏறும் கொடிய நஞ்சு. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் அதைக் காய்ச்சவே கூடாது. இயற்கையில் கிடைப்பது என்பதால் தீங்கற்றது ஆகிவிடாது. வேப்பெண்ணெயும் அப்படித்தான்: குழந்தைகள் குடித்து நஞ்சான நிகழ்வுகள் மருத்துவப் பதிவுகளில் உள்ளன, மீனுக்கும் ஆகாது. மீன்தொட்டி அருகில் தெளிக்காமல், புட்டியைப் பூட்டி வையுங்கள்.

பொறிவண்டு போன்ற நன்மை செய்யும் பூச்சிகளை வாங்கி விடலாமா?

பத்துத் தொட்டி உள்ள பால்கனிக்கு வாங்கி விடுவதில் பயனில்லை. இரை குறைந்ததும் பறந்துவிடும். தானாக வந்தால் காப்பாற்றுங்கள் என்பதே என் வேண்டுகோள். மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டு 1898இல் காப்பித் தோட்டங்களின் பச்சைச் செதிலை எதிர்க்க இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது, இங்கேயே நிலைத்துவிட்டது. அதன் புழு, உடல் முழுதும் வெள்ளை மெழுகு நாரோடு, பெரிய மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். வேறுபாடு நடையில் தெரியும்: மாவுப்பூச்சி கிடந்த இடத்தில் கிடக்கும், இந்தப் புழு விறுவிறுவென்று ஓடும். அறியாமல் அதை நசுக்கிவிட்டு வருந்தியவர்களில் நானும் ஒருத்தி.

இயற்கை எதிரியின் ஆற்றலுக்குத் தமிழ்நாடே சாட்சி. 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எனப் பரவிப் பேரிழப்பை உண்டாக்கியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து வளர்த்து விடப்பட்ட, கடுகைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள்தாம் அதை அடக்கின. உங்கள் செடியில் மாவுப்பூச்சிகள் சில உப்பிப் பழுப்பேறி, முதுகில் வட்டத் துளையோடு காய்ந்து கிடந்தால், அது ஒட்டுண்ணியின் வேலை. அந்தச் செடிக்கு ஒரு வாரம் மருந்து தெளிக்காமல் விட்டுப் பாருங்கள்.

பூஞ்சாண உயிரி மருந்துகள் பலன் தருமா?

லெக்கானிசீலியம் லெக்கானி, பிவேரியா பேசியானா என்னும் பூஞ்சாணங்கள் பொடியாகவும் திரவமாகவும் விற்கப்படுகின்றன. அவை பூச்சியின் தோலில் முளைத்து உள்ளே புகுபவை. முளைக்கக் காற்றில் ஈரப்பதம் தேவை என்பதால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எனக்கு நல்ல பலன் கொடுத்தன. கத்திரி வெயிலில் கொடுக்கவில்லை. பொடியானால் லிட்டருக்கு ஐந்து கிராம் அளவில் கரைத்து வடிகட்டி, மாலையில் தெளியுங்கள். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்; வெயிலில் அடுக்கி வைத்த கடையில் வாங்காதீர்கள்.

புதுச் செடியை எத்தனை நாள் தனியே வைக்க வேண்டும்?

நான்கு வாரம். முதல் நாளே சருகுறையை உரித்து, தொட்டியிலிருந்து மெல்ல உருவி வேரைப் பார்த்து, சோப்பு நீரில் கழுவுங்கள். செம்பருத்தி, கொய்யா, பப்பாளி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஆர்க்கிட்டைத் தொங்கவிடாதீர்கள். மாவுப்பூச்சி அங்கிருந்துதான் அதிகம் வருகிறது. நைட்ரஜன் உரம் மிகுந்த இளந்தளிரைச் சாறு உறிஞ்சிகள் விரும்பித் தேடி வரும் என்பதால், பூச்சி இருக்கும் மாதத்தில் உரத்தை நிறுத்திவிடுங்கள்.

எப்போது செடியைக் கைவிடுவது?

புதிய இலைகளிலும் வெளிறிய கோடுகளோ கருவளையங்களோ தொடர்ந்து தோன்றி, பூக்களில் நிறம் சிதறினால் வைரஸாக இருக்கலாம். அதற்கு இயற்கையிலும் வேதியிலும் மருந்து இல்லை. அத்தகைய செடியைப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பூச்சி மட்டும்தான் என்றால், ஒரே ஒரு உறுதியான தண்டும் நான்கு பச்சை வேரும் மிஞ்சியிருக்கும்வரை டென்ட்ரோபியத்தை நான் விடுவதில்லை. பாதித்த தண்டுகளை அடியோடு வெட்டி, மிஞ்சியதைக் கழுவி, கரித்துண்டில் கட்டி நிழலில் தொங்கவிடுவேன். அடியிலிருந்து புதுக் குருத்து கிளம்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை வாரம் ஒருமுறை கண்ணாடியோடு அதன் முன் உட்காருவேன்.